பிரெஞ்சு வேர்ப்: எழுதுறது ஒண்டு, சொல்லுறது ஒண்டு, தலை சுத்துது

வெள்ளவத்தைப் பிள்ளை:
எல்லாருக்கும் வணக்கம். பிரெஞ்சு வகுப்புக்குப் போகத் தொடங்கி ரெண்டு மாசம், இவர் பாரிஸில லா ஷப்பெல் பக்கம் வேலை, டெல்ஃப் ஏ1 எண்ட பிரெஞ்சுப் பரீட்சையை எடுத்துப்போட்டுப் போவம் எண்டு யோசனை. இப்ப ஈஆர்ல முடியிற வேர்ப், அதான் வினைச்சொல், படிப்பிக்கினம். பார்லே எண்டா கதைக்கிறது. அதை கொப்பியில ஆறு வரியா எழுதி 100 பஸ்ஸில போகேக்க வரேக்க எல்லாம் பாடமாக்கினன். நேற்று மிஸ் வாசிக்கச் சொல்ல, 'இல் பார்லென்ட்' (அவை கதைக்கினம்) எண்டு கடைசி ஈஎன்டியையும் சேர்த்து கணீரெண்டு வாசிச்சிட்டன், பின் வாங்கில இருந்த ஏஎல் பெடியள் சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுக்க நிக்குது. அந்த எழுத்துகளுக்கு சத்தமே இல்லையாம். அப்ப ஏன் எழுதுவான்? கதைக்கிறது ஒராளோ கனபேரோ எண்டு எப்பிடிப் பிடிக்கிறது? ஐஆர், ஆர்ஈ வேற வருகுதாம்.

கொட்டாஞ்சேனை ராசா:
தங்கச்சி, கண்ணால பாடமாக்காதேங்கோ, வாயால பாடமாக்குங்கோ. கொப்பியில ஆறு வரி, காதுக்கு மூண்டுதான். ஜ (நான்), த்யு (நீ), இல் (அவன்), பன்மை இல் (அவை) நாலுக்கும் வெறும் 'பார்ல்'. நூவுக்கு (நாங்கள்) 'பார்லோன்', அந்த ன்-ஐ மூக்கால விடோணும். வூவுக்கு (நீங்கள்) 'பார்லே'. முடிஞ்சுது. எழுதேக்க மட்டும் ஈ, ஈஎஸ், ஈ, ஓஎன்எஸ், ஈஸெட், ஈஎன்டி. மாஞ்ஜே, அதான் சாப்பிடுறது, அதுக்கு நூவோட எழுதேக்க ஓஎன்எஸ்ஸுக்கு முன்னால ஒரு ஈ கூடப் போடோணும், போடாட்டி ஜீ கடுமையாகி 'மாங்கோன்' எண்டு வந்திடும். ஐஆர் ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ, எல்லாம் ஃபினீர் (முடிக்கிறது) மாதிரித்தான்.

இலக்கணக் கிறுக்கி:
ராசா அண்ணா, கடைசி வரி பிழை. பார்த்தீர் (வெளிக்கிடுறது), வெனீர் (வாறது) ரெண்டும் ஐஆர்தான், ஆனா ஃபினீர் போற வழியில போகாது. ஃபினீர் கூட்டத்தில ஒராள் எண்டா 'ஃபினி', கனபேர் எண்டா 'ஃபினிஸ்', காதே சொல்லிடும். வாந்த்ர், விக்கிறது, அதுவும் அப்பிடி: ஒராளுக்கு 'வான்', கனபேருக்கு 'வாந்த்'.
பிள்ளை, ஒராளோ கனபேரோ எண்டு கேட்டீங்களே, தமிழ்ல 'கதைக்கிறன்' எண்டாலே நான் எண்டு விளங்குது, 'கதைக்கினம்' எண்டா அவை. அதால நான், அவை எண்டதை விழுத்திப்போட்டே கதைப்பம். பிரெஞ்சில வால் ஊமையாப் போச்சு, முன்னுக்கு நிக்கிற ஜ, த்யுதான் அந்த வேலையைப் பார்க்குது, அதை விழுத்தினா கேக்கிறவருக்கு ஒண்டும் பிடிபடாது. பார்லேக்கு ஒருமை இல், பன்மை இல் ரெண்டும் ஒரே சத்தம், கதைப் போக்கில விளங்கவேண்டியதுதான். உயிர்ச் சத்தத்தில தொடங்கிற வேர்ப் எண்டா தப்பலாம். ஆபித்தே, குடியிருக்கிறது, அதில பன்மைக்கு இல்லுக்கும் ஆபித்துக்கும் நடுவில ஒரு ஸெட் சத்தம் கேக்கும், ஒருமைக்கு கேக்காது.

வெள்ளவத்தைப் பிள்ளை:
ஐயோ நான் ஜ-வை விழுத்திறனான்தான், மிஸ் ஒவ்வொரு முறையும் 'ஆர்? ஆர்?' எண்டு கேக்கிறது இதுக்குத்தான் போல. இன்னொண்டு, ராத்திரி இவருக்கு போனில 'நூ மாஞ்ஜோன்' எண்டு சொல்லிக் காட்ட, இஞ்ச ஆர் அப்பிடிக் கதைக்கிறது, 'ஒன் மாஞ்ஜ்' எண்டு சொல்லு எண்டுறார். எது சரி?

பாரிஸால வந்தவன்:
ரெண்டும் சரி. கதைக்கேக்க அங்க நாங்கள் எண்டுறதுக்கு நூவை விட ஒன் தான் கூட, அதுக்கு வேர்ப் ஒருமை இல்லுக்கு வாற மாதிரியே, அதால அவருக்கு சுகம். ஆனா வகுப்பு அட்டவணையில நூ வரும், விடேலாது. டெல்ஃப்ல நாலு பகுதி, ஒவ்வொண்டும் 25, மொத்தம் 50 எடுத்தா பாஸ், ஏதாவது ஒண்டில 5க்கு கீழ போனா முழுக்கப் போச்சு. எழுத்துப் பகுதியும் இருக்கு, அங்கதான் இந்த ஊமை எழுத்துகள் காலை வாரும். 'பார்லே' எண்ட ஒரே சத்தத்துக்கே கதைக்க, நீங்கள் கதைக்கிறீங்கள், கதைச்ச எண்டு மூண்டு எழுத்துக்கூட்டல் இருக்கு. நான் பத்து வருசம் அங்க சமையலறையில கதைச்சுத் திரிஞ்சனான், ஃபோம் நிரப்பப் போய்த்தான் ஒண்டும் எழுதத் தெரியாதெண்டு தெரிஞ்சுது. உங்கட இவரிட்டயும் மூண்டையும் ஒருக்கா எழுதி அனுப்பச் சொல்லிப் பாருங்கோ, பிறகு சிரிக்கமாட்டார்.