விமானத்தில் ஏற்ற விடாத சாமான்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

ஈசூன்வாசி:
தீபாவளிக்குத் திருச்சி போகிற தம்பியை ஏற்றிவிட சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்துக்குப் போயிருந்தேன். பெட்டியில் பவர்பேங்க் இருக்கிறதா என்று கேட்டார்கள், இருக்கிறது என்றான், எடுத்துக் கைப்பையில் வையுங்கள் என்றார்கள். அதுவரை எல்லாருக்கும் தெரிந்த கதைதான். ஆனால் கவுண்டரில் இருந்த பெண் அதை வாங்கித் திருப்பிப் பார்த்து, எத்தனை வாட்-அவர், அதாவது எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்று கேட்டார். எழுத்து தேய்ந்துபோயிருந்தது. இவன் கட்டைவிரல் நகத்தால் சுரண்டிச் சுரண்டி, விளக்குப் பக்கம் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறான், ஒரு '2' மட்டும்தான் தெரிகிறது. எண் தெரியாமல் விட முடியாது என்றுவிட்டார். என் கையில் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். மனசே ஆறவில்லை.

உட்லண்ட்ஸ் அக்கா:
எங்களுக்குச் சென்னையில் கற்பூரம். புது வீட்டுப் பூஜைக்கு அத்தை கொண்டுவந்தது, "சாமி சாமானைக்கூடவா பிடுங்குவீங்க" என்று அழுதேவிட்டார். பூஜை என்றுகூடப் பார்க்காத மனிதர்கள். இங்கே சிராங்கூன் ரோட்டில் கிடைக்கிறதுதான், ஆனாலும்.

செங்காங்காரன்:
அக்கா, அவர்களைக் குறை சொல்லாதீர்கள். கற்பூரம் எரியும் திடப்பொருள், ஐநாவின் அபாயச் சரக்குப் பட்டியலில் அதற்கு யுஎன் 2717 என்று எண்ணே இருக்கிறது. கொப்பரையும் அதே பட்டியலில் இருக்கிறது, எண்ணெய்ப் பசையால் தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும். என் அம்மாவிடமும் கொப்பரையை எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான் என் கதை.

ஈசூன் அண்ணே, பவர்பேங்க் விஷயத்தை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். லித்தியம் பேட்டரி ஒருமுறை உள்ளுக்குள் சூடேற ஆரம்பித்தால், சரக்கு அறையில் தீயை அணைக்க அடிக்கும் ஹேலான் வாயு ஜுவாலையை அமுக்குமே தவிர பேட்டரியைக் குளிர வைக்காது. பேட்டரிக்குள் இருக்கும் பக்கத்து செல், அடுத்த செல் என்று சூடு பரவிக்கொண்டே போகும். மேலே ஆட்கள் இருக்கும் இடத்தில் என்றால் புகையைப் பார்த்ததுமே தண்ணீர் ஊற்றலாம், அதற்குத்தான் கைப்பையில் வைக்கச் சொல்வது. 2010இல் துபாயில் விழுந்த யுபிஎஸ் கூரியர் நிறுவனத்தின் சரக்கு விமானத்தில் நிறைய லித்தியம் பேட்டரி இருந்தது, விமானிகள் இரண்டு பேரும் இறந்துபோனார்கள். கணக்கு சுலபம்: 20,000 மில்லிஆம்பியர்-அவரை 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 74 வாட்-அவர். 100 வாட்-அவர் வரை கேள்வி இல்லை, 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதற்கு மேல் கிடையாது. அப்புறம், சிங்கப்பூர் ஏர்லைன்ஸிலும் ஸ்கூட்டிலும் 2025 ஏப்ரல் 1 முதல் பறக்கும்போது பவர்பேங்கில் போன் சார்ஜ் போடவும் கூடாது.

ஈசூன்வாசி:
கணக்கெல்லாம் சரி தம்பி, பெருக்குவதற்கு எண் தெரிய வேண்டுமே. எழுத்து அழியாத ரக பவர்பேங்க் நம்ம லிட்டில் இந்தியா தேக்காவில் எந்தக் கடையில் இருக்கிறது, தெரிந்தவர்கள் அதைச் சொல்லுங்கள்.