காருக்குள் ஸ்டீம் கிளீனர்: உங்கள் அனுபவம் என்ன?

கோவை உறுப்பினர்:
பின்சீட்டில் வைத்திருந்த இட்லி மாவு பாக்கெட், ஏப்ரல் வெயிலில் உப்பி வெடித்துவிட்டது. சீட் தையலுக்குள், பெல்ட் மாட்டும் இடுக்கில் எல்லாம் மாவு. மறுநாள் கதவைத் திறந்தால் புளித்த வாடை மூக்கைத் துளைக்கிறது.

வாட்டர் வாஷ் கடைத் தம்பி நேராக ஸ்டீம் குழாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். "தம்பி, கொஞ்சம் பொறுப்பா" என்றேன். "எல்லா வண்டிக்கும் இப்படித்தான் அடிப்போம்ணா" என்றார். மாவில் ஆவி பட்டால் என்ன ஆகும் என்று நமக்கா தெரியாது? சீட்டுக்குள்ளேயே வெந்துவிடும்! பால், முட்டை, ரத்தக் கறைக்கும் இதே கதைதான். சூடு பட்டதும் புரதம் இறுகித் துணி நூலைப் பிடித்துக்கொள்ளும்.

அதனால் முதலில் பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டினோம். தையலில் காய்ந்திருந்ததை டூத் பிரஷ்ஷால் உதிர்த்து, வேக்வம் போட்டு, பச்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுத்தோம். அதற்கப்புறம்தான் ஆவி. முனையில் மைக்ரோஃபைபர் துணியைச் சுற்றி, ஓரிடத்தில் நிறுத்தாமல் இழுத்துக்கொண்டே போக வேண்டும். டிரைவர் சீட்டில் தலை சாயும் இடத்தை ஒரு முறை இழுத்ததற்கே துணி டிகிரி காபி நிறத்துக்கு வந்துவிட்டது. அது மாவு இல்லை, என் தலை எண்ணெய்.

ஷாம்பு போட்டு அலசினால் சீட் ஸ்பாஞ்ச் தண்ணீரைக் குடித்துக்கொண்டு காய மறுக்கும். இதில் அந்தத் தொல்லை குறைவு. கதவைத் திறந்து போட்டதில் சாயங்காலத்துக்குள் காய்ந்துவிட்டது, வாடையும் போனது.

திருச்சி உறுப்பினர்:
மேலே ரூஃப் துணியில் மட்டும் அடிக்க விடாதீர்கள். அந்தத் துணி மெல்லிய ஸ்பாஞ்சோடு பசை போட்டு ஒட்டியது. சூட்டில் பசை விட்டுவிடும். என் மச்சான் வண்டியில் ஒரு கடையில் அடித்துக் கொடுத்தார்கள். ஒரே வாரத்தில் பின்பக்கம் தொங்க ஆரம்பித்தது. போய்க் கேட்டால் "வண்டி பழசு சார்" என்கிறார்கள். வண்டி பழசு என்பது அடிப்பதற்கு முன்னாடி தெரியாதாமா? இப்போது குண்டூசி குத்தி வைத்திருக்கிறார். கண்ணாடியை இறக்கினால் பந்தல் மாதிரி உப்புகிறது.

சேலம், வாடகை வண்டி ஓட்டுபவர்:
கொல்லிமலை சவாரி எடுப்பவன் நான். 70 கொண்டை ஊசி வளைவு. வாந்தி எடுக்காத குடும்பம் அபூர்வம். கோவை அண்ணா சொன்னதுதான் சரி, வழித்து எடுத்துவிட்டு, சோடா உப்பைத் தூவி உறிஞ்ச விட்டுத் தட்டிய பிறகே ஆவி. நான் சின்ன மெஷின் ஒன்று சொந்தமாகவே வைத்திருக்கிறேன். மேட், கதவு இடுக்கு, கப் வைக்கும் குழி, இங்கெல்லாம் அருமையாக வேலை செய்யும். டச் ஸ்கிரீன், ஜன்னல் சுவிட்ச் பக்கம் கொண்டுபோக மாட்டேன். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற ஒயர் இணைப்பு தெரிந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது, ஒதுங்கிவிடுங்கள்.

மெஷினில் போர் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படிந்து முனை அடைக்கும். ஆர்ஓ தண்ணீர் ஊற்றுங்கள். ஆவி முழுக்க அடங்காமல் மூடியைத் திறக்கவே கூடாது.

கோவை உறுப்பினர்:
ரெக்சின் சீட் கவருக்கும் ஆவி அடிப்பீர்களா அண்ணா?

சேலம், வாடகை வண்டி ஓட்டுபவர்:
மாட்டேன். மேல் பூச்சு உரிந்துவிடும். அதற்கு ஈரத் துணியே போதும்.