படகில் ‘கால்கிங்’: புதுச்சொல் வேண்டாம், கலப்பத்து இருக்கிறது

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

மரப்படகின் பலகைகளுக்கு இடையே உள்ள இடுக்கில் பஞ்சுத்திரியை அறைந்து, மேலே மக்குப் பூசி, நீர் உள்ளே வராமல் செய்யும் வேலையை ஆங்கிலத்தில் ‘கால்கிங்’ (caulking) என்பர். நம் கலைச்சொற்பட்டியலில் அதற்கு ‘இடுக்கடைப்பு’, ‘நீர்த்தடுப்புப் பூச்சு’ என்னும் இரு சொற்கள் முன்மொழியப்பட்டுள்ளன. இரண்டையும் ஏற்க எனக்கு மனம் வரவில்லை. தோணியும் வள்ளமும் கட்டுவோரிடம் ‘கலப்பத்து’ என்னும் சொல் முன்பே வழங்குகிறது. அதையே கலைச்சொல்லாகக் கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இது வெறும் சொற்பற்று அன்று. ‘அடைப்பு’ என்றதும் ஓட்டையில் கெட்டியாக எதையாவது திணித்து மூடுவதே நினைவுக்கு வரும். கலப்பத்தின் தன்மை அதற்கு நேர்மாறானது. மரம் நீரில் ஊறினால் பருக்கும், கரையில் காய்ந்தால் சுருங்கும். பஞ்சு அந்த அசைவுக்கு இடம் கொடுத்து, பலகைகள் பருத்து நெருங்கும்போது தானும் இறுகி நீரை நிறுத்துகிறது. அதனால்தான் பல மாதம் மணலில் கிடந்த பழைய வள்ளத்தை இறக்கிய அன்று நீர் சுரப்பதைக் கண்டு அனுபவமுள்ளவர்கள் பதறுவதில்லை. ஆழமில்லாத இடத்தில் ஓரிரு நாள் போட்டு, இறைத்துக்கொண்டே இருந்து, பலகை ஊறிய பின்பும் எங்கே வருகிறது என்று பார்த்து, பலகைகள் சேரும் அந்தப் பொருத்தை மட்டும் பிரிப்பார்கள்.

தூத்துக்குடிப் பக்கம் என் உறவினரின் பழைய வள்ளம் ஒன்றில் இதை மறந்து செய்த வேலையை நேரில் கண்டேன். நன்றாகக் காய்ந்திருந்த பலகைகளின் இடுக்குகளில் ஒரு பட்டறையில் எப்பாக்சிப் பசையை நிரப்பிக் கொடுத்தார்கள். பசை கல்லாக இறுகிவிட்டது. கடலில் ஊறிய பலகைகள் நெருங்க இடமின்றி ஓரம் நசுங்கின. வங்கில், அதாவது பலகைகளைத் தாங்கும் உள்சட்டத்தில், அறைந்திருந்த ஆணிகள் சில தளர்ந்தன. பசை முழுசாக இருக்க, அதை ஒட்டியே நீர் வந்தது. பிறகு வந்த முதிய ஆசாரி அத்தனையையும் சுரண்டி எடுத்து, பஞ்சைத் திரியாக முறுக்கி, மழுங்கிய உளியை வைத்துக் கொட்டாப்புளியால் சாண் சாணாக அறைந்து போனார். தளர்வாக இருக்கும் வரை ஓசை மந்தமாக இருந்தது. பஞ்சு போதுமான அளவு இறுகியதும் கணீரென்று மாறியது. அந்த ஓசை கேட்டதும் நிறுத்திவிட வேண்டும், மேலும் அறைந்தால் பலகையே விலகும் என்றார். குங்கிலியத் தூளை எண்ணெயில் காய்ச்சிய மக்கு கடைசியாகத்தான் வந்தது. ‘பூச்சு’ என்று பெயர் வைத்தால் இந்தக் கடைசி வேலை மட்டுமே பெயரில் நிற்கும்.

குளியலறை ஓரத்தில் சிலிக்கான் பசை இடுவதையும் ஆங்கிலம் இதே ‘கால்கிங்’ என்னும் சொல்லால் குறிக்கிறது. ஆங்கிலம் ஒன்றாகச் சொல்வதை நாமும் ஒன்றாகச் சொல்ல வேண்டியதில்லை. கட்டட வேலைக்கு ‘இடுக்கடைப்பு’ மிகப் பொருத்தமானது, அங்கேயே அது இருக்கட்டும்.

கலப்பத்து தமிழ்ச்சொல்லா என்ற ஐயம் எழும். போர்ச்சுக்கீசிய ‘கலஃபாத்தே’வோடு அதற்குள்ள ஒற்றுமை வெளிப்படை, அரபியிலும் இதையொத்த சொல் உண்டு. கப்பல்களோடு துறைமுகம் துறைமுகமாகப் பரவிய தொழிற்சொல் இது. சாவி, ஜன்னல், அலமாரி ஆகியவற்றையும் போர்ச்சுக்கீசியத்திலிருந்து பெற்றுத்தானே நாள்தோறும் வழங்குகிறோம்? ‘கலம்’, ‘பற்று’ என்று பிரித்துக் ‘கலப்பற்று’ என எழுதுவது அழகாக இருந்தாலும், பிறப்பை மறைப்பதற்காக எழுத்தை மாற்றுவதை நான் விரும்பவில்லை.

சொற்பட்டியலில் பெயராகக் ‘கலப்பத்து’, வினையாகக் ‘கலப்பத்து அடித்தல்’, பஞ்சுக்குக் ‘கலப்பத்துத் திரி’, பலகைகள் சேரும் கோட்டுக்குப் ‘பொருத்து’ என்று பதியலாம். விளக்கக் குறிப்பில் “ஊறிப் பருக்கும் பலகைக்கு இடம்விட்டு இறுக்குதல்” என்னும் தொடரை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.