கர்னல் பேட்சில் டேப் உடைந்தால் யார் குற்றம்?

நிரல்நேசன்:
"மின்னஞ்சலில் ஒழுங்காக பேட்ச் அனுப்பத் தெரியாதவர்கள் லினக்ஸ் கர்னல் பக்கமே வர வேண்டாம்" என்று பழைய டெபியன் அண்ணன் நேற்று எழுதியிருந்தார். (கர்னல் என்பது லினக்ஸ் இயங்குதளத்தின் மையம்; பேட்ச் என்பது நிரலில் செய்த மாற்றத்தைக் காட்டும் கோப்பு.) படித்ததிலிருந்து எரிச்சல் தாங்கவில்லை. நிரல் வேலை செய்கிறதா என்று பார்க்காமல் டேப் (வரியை உள்தள்ளும் குறி) உடைந்திருக்கிறதா என்று பார்த்தால் புதியவன் எப்படி வருவான்? பைத்தான் மொழியின் மூல நிரலான சிபைத்தான் 2017லேயே கிட்ஹப் என்ற நிரல் பகிர்வுத் தளத்துக்குப் போய்விட்டது. நிரல் தொகுப்பிக் கருவியான எல்எல்விஎம் 2023ல் அங்கே புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) முறைக்கு மாறியது. கர்னலுக்கு மட்டும் கொம்பு முளைத்திருக்கிறதா?

பழைய டெபியன்:
தம்பி, ஜிமெயில் இணையப் பக்கத்தில் ஒட்டி அனுப்பினால் டேப் இடைவெளியாக மாறும், வரியும் மடிந்துபோகும் என்று கர்னல் ஆவணத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படி வந்த பேட்ச் எதிலும் பொருந்தாது. பராமரிப்பாளர் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகச் சரிசெய்ய வேண்டுமா? ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு வெளியீடு, ஒவ்வொன்றிலும் 10,000க்கு மேல் மாற்றங்கள். நிரல் மாற்றங்களைக் கண்காணிக்கும் கிட் கருவியில், பேட்சைக் கெடுக்காமல் அனுப்பும் 'கிட் சென்ட்-இமெயில்' எதற்கு இருக்கிறது?

நிரல்நேசன்:
அதைத்தான் நானும் கேட்கிறேன். டேப்பை உடைத்தது மெயில். திட்டு வாங்குவது பையன்.

கணினிமீனா:
நடுவில் ஒரு வழி இருக்கிறது. கிட் திட்டமும் மின்னஞ்சலில்தான் பேட்ச் வாங்குகிறது. ஆனால் அங்கே கிட்கிட்காட்ஜெட் என்ற தானியங்கி இருக்கிறது. கிட்ஹப்பில் புல் ரிக்வெஸ்ட் போட்டு, அதன் கீழே '/submit' என்று எழுதினால் அதுவே அஞ்சல் குழுவுக்கு அனுப்பிவிடும். டேப்பும் பிழைக்கும்.

பழைய டெபியன்:
மீனா, அது கிட்டுக்கு. இங்கே பேச்சு கர்னல். கிட்ஹப் புல் ரிக்வெஸ்ட் வாங்கமாட்டேன் என்று கர்னலை உருவாக்கிய லினஸ் 2012லேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். அங்கே இருப்பது வெறும் நகல். லினக்ஸில் தன் நிரல் இருக்கிறது என்று எஸ்சிஓ நிறுவனம் போட்ட வழக்குக்கு அப்புறம் 2004ல், 'இதை அனுப்ப எனக்கு உரிமை உண்டு' என்று உறுதி சொல்லும் 'சைன்ட்-ஆஃப்-பை' வரி வந்ததே, அதையே பாதிப் பேர் போடுவதில்லை. பேட்சை முதலில் தனக்கே அனுப்பி, சேமித்து, பேட்சை நிரலில் பொருத்தும் 'கிட் ஏஎம்' கட்டளையைப் போட்டுப் பார். பொருந்தினால் அனுப்பு. இதற்குக்கூடப் பொறுமை இல்லாதவன், மூன்றாவது திருத்தம் கேட்டால் எழுதித் தருவானா?

நிரல்நேசன்:
பொறுமையா? டேப் உடைந்தது மெயிலால் என்று நீங்களே ஒத்துக்கொண்டீர்கள்!

பழைய டெபியன்:
ஒத்துக்கொள்ளவில்லை. ஆவணத்தைப் படிக்காதவன் குற்றம் என்றேன். இப்போதும் சொல்கிறேன்.

வைகைக்கரை:
எட்டு எழுத்து அகலத்தில் டேப் வைப்பதே இந்தக் காலத்தில் அநியாயம். நாலு இடைவெளி போதும்.

பழைய டெபியன்:
எட்டு அகலத்தில் நிரல் வலப்பக்கம் ஓடுகிறது என்றால், மூன்று அடுக்கு உள்தள்ளலுக்கு மேல் போய்விட்டாய் என்று அர்த்தம். நிரலைத் திருத்து, டேப்பை அல்ல. கர்னலின் நிரல் நடையில் கருப்பு வெள்ளையாக இருக்கிறது. ஆனால் உங்களிடம் சொல்லி என்ன? போன வருஷம் தமிழாக்கத்தைப் பாதியில் போட்டுவிட்டு ஓடியவர்தானே.

வைகைக்கரை:
ஓடவில்லை. நான் அனுப்பிய சரங்களை (மொழிபெயர்த்த வாசகங்களை) மூன்று மாதம் தொடாமல் வைத்திருந்தது யார் என்று ஊருக்கே தெரியும்.

கணினிமீனா:
அது வேறு கதை. இங்கே எதற்கு?

பழைய டெபியன்:
வேறு கதை இல்லை மீனா. அந்தச் சரங்களில் பாதி, மாறிகளையே மொழிபெயர்த்து வந்தன. தொகுத்தால் நிரல் விழுந்தது. வேண்டுமென்றால் அந்தக் கோப்பையே இங்கே ஒட்டுகிறேன்.

வைகைக்கரை:
ஒட்டுங்கள். தேதியோடு ஒட்டுங்கள்.