கயிறு தளரும் நொடி: குதிரை பழக்குபவர்களின் அனுபவப் பகிர்வு

(காவிரிப் படுகையில் குதிரை பழக்குபவர்கள் ஆளுக்கொரு புனைபெயரில் எழுதியவை இவை. ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருப்பது எழுதியவரின் பெயர்.)

பாமணியாற்றங்கரை

குதிரையைப் பழக்குவது என்றால் இழுப்பது, அடக்குவது என்றே பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இழுக்கும்போது குதிரை எதையும் கற்பதில்லை. கயிறு தளர்கிற நொடியில் தன் உடம்பு என்ன செய்துகொண்டிருந்ததோ, அதையே சரியான விடையாக மனத்தில் பதித்துக்கொள்கிறது. இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் பாடம் நடந்து வருவது. முகக்கயிறு போட்டு 10 அடி நீளத்தில் ஒரு கயிறு கட்டுங்கள். குதிரையின் இடது தோளருகே நின்று, அதன் முகத்தைப் பார்க்காமல் போக வேண்டிய திசையைப் பார்த்தபடி கயிற்றை முன்னால் நீட்டுங்கள். தொய்வு போய்ச் சற்றே விறைத்தால் போதும். அப்படியே காத்திருங்கள். குதிரை தலையை ஆட்டும், பின்னால் சாயும், பக்கவாட்டில் நகரும். நீங்கள் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். முன்னங்கால் ஒன்று தரையை விட்டு எழும்பியதும், அது மறுபடி மண்ணில் பதியும் முன்பே, கயிற்றை முழுதாக விடுங்கள். மூன்று தடவை சரியாக வந்தால் அரை நிமிடம் சும்மா நிற்க விடுங்கள். ஒரு வேளைக்கு 10 நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

கெடுவது இரண்டு இடத்தில். கால் எடுத்து வைத்த பிறகும் இழுத்துக்கொண்டே போனால், நடந்தாலும் விடுதலை இல்லை என்று குதிரை முடிவு கட்டிவிடும். பிறகு கல்தூண் மாதிரி நிற்கும். இன்னொன்று, தலையை உதறும்போது பயந்துபோய் விட்டுவிடுவது. தலை உதறினால் கயிறு தளரும் என்ற பாடத்தை நாமே கற்றுக்கொடுத்துவிடுகிறோம். ‘முரட்டுக் குதிரை’ என்று கைமாறி வருபவற்றில் பல இப்படி உருவானவைதான்.

வாயை மென்றால் புரிந்துகொண்டது என்று சொல்வார்கள். பதற்றம் தணிகிறது என்பதற்கு மட்டும் அதை அடையாளமாகக் கொள்ளுங்கள். புரிந்ததா இல்லையா என்பது அடுத்த தடவை கால் எவ்வளவு சீக்கிரம் எழும்புகிறது என்பதில் தெரியும்.

அரசலாறு

பாமணியாற்றங்கரை அண்ணன் சொன்ன 10 நிமிடக் கணக்கோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1980இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் 15 மட்டக்குதிரைகளை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வாரம் 7 நாளும், இன்னொன்றுக்கு 2 நாளும், மற்றொன்றுக்கு ஒரே நாளும் பாடம் எடுத்தார்கள். வாரம் ஒரு நாள் படித்தவை மொத்தத்தில் குறைந்த பாடங்களிலேயே தேறின. நாட்கணக்கில் பார்த்தால் அவற்றுக்குத்தான் அதிக காலம் ஆனது என்பதும் உண்மை. ஆக, அறுவடை நேரத்தில் நாலு நாள் பாடம் விட்டுப்போனால் எல்லாம் போச்சு என்று கலங்க வேண்டாம். விட்ட இடத்தில் தொடங்கலாம். விட்ட நாட்களை ஒரே நாளில் ஈடுகட்டுவதுதான் தப்பு.

வெட்டாற்றங்கரை

நம் பகுதிக்கே உரிய சிக்கல் வாய்க்கால். மாசியிலிருந்து வைகாசி வரை காய்ந்த வாய்க்காலில் இறங்கி ஏறிப் பழகிய குதிரை, ஜூன் 12இல் மேட்டூர் திறந்து கல்லணை தாண்டித் தண்ணீர் வந்து சேர்ந்ததும், அதே இடத்தில் நின்றுவிடும். பழகிய வழிதானே, வேண்டுமென்றே செய்கிறது என்று சவுக்கை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். குதிரைக்கு அது பழகிய வழியே இல்லை. நேற்று மண்ணாக இருந்த இடம் இன்று மின்னுகிறது, அசைகிறது, சத்தம் போடுகிறது.

கண் அமைப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய 350 பாகை சுற்றிப் பார்க்கும். ஆனால் இரண்டு கண்ணும் சேர்ந்து பார்த்து ஆழத்தை அளக்கும் பகுதி முன்னால் குறுகலானது. மூக்குக்கு நேர் கீழே இருப்பது தெரியாது. தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று பார்க்கத் தலையைத் தாழ்த்தியே ஆக வேண்டும். அந்த நேரத்தில் லகானை இறுக்கித் தலையைத் தூக்கிப் பிடித்தால், கண்ணைக் கட்டிக் கிணற்றில் இறங்கச் சொல்வது போலத்தான்.

செய்ய வேண்டியது இது. வண்டியை அவிழ்த்துவிட்டு வெறும் கயிற்றோடு கூட்டிப்போங்கள். எந்த இடத்தில் இரண்டு காதும் தண்ணீரை நோக்கி விறைக்கிறதோ, அங்கேயே நில்லுங்கள். 20 அடியாக இருந்தாலும் சரி, 50 அடியாக இருந்தாலும் சரி. காது ஒன்று உங்கள் பக்கம் திரும்பி, கழுத்து கொஞ்சம் தாழ்ந்ததும், நீங்களாகவே குதிரையைத் திருப்பி நாலு எட்டு பின்னால் கூட்டிவாருங்கள். அமைதியானால் விலகலாம் என்பது அதற்குப் புரியும். பிறகு முன்னைவிட இரண்டு எட்டு கூட. கரையோரம் வந்ததும் முகர விடுங்கள், முன்னங்காலால் தண்ணீரை அடித்துப் பார்க்கவும் விடுங்கள். அடிப்பது குறும்பு இல்லை, ஆழம் பார்க்கிறது. பழகிய குதிரை ஒன்று முன்னால் இறங்கினால் வேலை இன்னும் சுலபம். முதல் நாள் முழங்காலுக்குக் கீழே தண்ணீர் ஓடும் இடம், கீழே கெட்டி மண், இது கட்டாயம். சேற்றில் கால் புதைந்தால் அந்த வாய்க்காலை அது வருஷக்கணக்கில் மறக்காது.

போகும்போது பழகியது வரும்போது பழகியதாக ஆகாது. அமெரிக்காவின் கொலராடோவில் டெம்பிள் கிராண்டின் உள்ளிட்ட குழு 2021இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகள் விளையாடும் பிளாஸ்டிக் சாதனம் ஒன்றைக் குதிரைகளுக்கு நன்றாகப் பழக்கிவிட்டு, பிறகு அதை 90 பாகை திருப்பி வைத்தார்கள். புதுப்பொருளைக் கண்டது போலவே அவை மிரண்டன. அதனால் மதகு, பாலம், வைக்கோல்போர், நிறுத்தி வைத்த கதிரறுப்பு இயந்திரம் எதுவானாலும் போகும் திசையில் ஒரு தடவை, வரும் திசையில் ஒரு தடவை, இடக்கண்ணுக்கு, வலக்கண்ணுக்கு என்று தனித்தனியாகக் காட்டுங்கள்.

குடமுருட்டி

தம்பி, வெயிலிலிருந்து இருண்ட கொட்டகைக்குள் நுழையத் தயங்கும் குதிரைக்கும் இதேதான். நம் கண்ணைவிட அதன் கண் இருட்டுக்குப் பழக அதிக நேரம் எடுக்கும். வாசலில் நிறுத்திக் கொஞ்ச நேரம் விடுங்கள், தானாக உள்ளே வரும்.

வெண்ணாற்றுக்காரன்

தீனி கொடுத்துப் பழக்குவது பற்றி யாரும் எழுதவில்லை. கேரட் துண்டு கட்டைவிரல் அளவு, இல்லையென்றால் ஊறவைத்த கொள்ளு ஒரு பிடியில் கால்வாசி. வெல்லமும் கரும்பும் வேண்டாம். மட்டக்குதிரைக்கு இனிப்பும் தானியமும் கூடினால் குளம்புக்குள் அழற்சி வரும்; நடையே போய்விடும்.

சரியாகச் செய்த இரண்டு நொடிக்குள் தீனி வாய்க்குப் போக வேண்டும். பையைத் தேடி முடிச்சை அவிழ்ப்பதற்குள் குதிரை வேறு நாலு காரியம் செய்திருக்கும். அதற்காக ஒரு சத்தத்தை முதலில் பழக்குங்கள். நாக்கை ஒரு தடவை ‘டக்’ என்று தட்டி உடனே தீனி, இப்படி 20, 30 தடவை. பிறகு அந்தச் சத்தமே ‘சரி, இதோ வருகிறது’ என்று ஆகிவிடும்.

கையைக் கடிக்கத் தொடங்கினால் தீனியின் மேல் பழி போடாதீர்கள். மூக்கால் சட்டைப் பையை முட்டும்போது ஒரு தடவையாவது கொடுத்திருப்பீர்கள். இனி முகம் நேராக முன்னால் இருக்கும்போது மட்டும், கையை நன்றாக நீட்டி, உங்கள் உடம்பிலிருந்து தள்ளிக் கொடுங்கள். முதல் இரண்டு நாள் முட்டுவது இன்னும் கூடும். அந்த இரண்டு நாள் தாக்குப்பிடித்தால் மூன்றாம் நாளிலிருந்து குறையும். நடுவில் மனமிரங்கி ஒன்று கொடுத்துவிட்டால், விடாமல் முட்டினால் கிடைக்கும் என்று கற்றுக்கொள்ளும். அது முன்னைவிட மோசம்.

தீனி இல்லாத நேரத்தில் பிடரிமயிர் முடிந்து முதுகு தொடங்குகிற மேட்டை விரல் நுனியால் அழுத்திச் சொறிந்துவிடுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று கடித்துச் சொறிந்துகொள்ளும் இடம் அது. அங்கே சொறிந்தால் இதயத் துடிப்பு இறங்குகிறது என்று 1993லேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். சரியான இடம் பட்டால் மேலுதடு நீண்டு துடிக்கும், கண் பாதி மூடும். பிரான்சில் 2010இல் வெளிவந்த ஆய்வில், தீனி கொடுத்துப் பழக்கிய இளம் குதிரைகள் 8 மாதம் கழித்தும் பாடத்தை மறக்கவில்லை, ஆட்களையும் நாடியே வந்தன.

அரசலாறு

தாழ்ப்பாளைத் தானே திறந்துகொண்டு வெளியே வரும் குதிரை பற்றிச் சிலர் கேட்டிருந்தார்கள். அது திட்டம் போட்டுத் திறப்பதாக நினைக்க வேண்டாம். சும்மா நிற்கிற குதிரை உதட்டால் எதையாவது நோண்டிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் தாழ்ப்பாள் நகர்ந்து, கதவு திறந்து, வெளியே தவிட்டு மூட்டை கிடைத்துவிட்டால் கதை முடிந்தது. அடுத்த நாள் நேராகத் தாழ்ப்பாளுக்கே போகும். நகர்த்தும் தாழ்ப்பாள், தூக்கும் கொக்கி, உருவும் முடிச்சு மூன்றையும் கற்றுக்கொள்ளும். முடிச்சின் வாலை இழுத்து உருவுகிற குதிரைக்கு, வாலை வளையத்துக்குள் ஒரு தடவை நுழைத்துவிடுங்கள். கதவுக்கு இரண்டாவது தாழ்ப்பாளை வெளிப்பக்கம் கீழே, தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், வாய் எட்டாத இடத்தில் போடுங்கள். அதைவிட முக்கியம், கதவுக்கு வெளியே தீனி வைக்காமல் இருப்பது. திறந்தும் பலன் இல்லையென்றால் ஆர்வம் குறைந்துவிடும்.

நெல் மூட்டையில் வாய் வைத்திருந்தால் வயிறு உப்பும் வரை காத்திருக்காதீர்கள். எவ்வளவு தின்றது என்று தோராயமாகக் கணித்து உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். வலி தெரிய ஆரம்பித்தபின் நேரம் மிகக் குறைவு.

பாமணியாற்றங்கரை

லாடம் அடிக்கவிடாத குதிரைகளில் பல ஒரு தடவை வலி கண்டவை. ஆணி உயிர்ச்சதையைத் தொட்டிருக்கும், அல்லது காலை உருவும்போது பிடித்திருந்தவர் விட்டுவிட்டிருப்பார். வலியை ஒரே தடவையில் கற்கும். அதை மாற்ற வாரக்கணக்கில் ஆகும்.

லாடம் இல்லாத நாட்களில் பழக்குங்கள். தோளிலிருந்து கையை வழித்துக்கொண்டே கணுக்கால் வரை வந்து, லேசாக அழுத்துங்கள். குளம்பு தரையை விட்டு ஒரு அங்குலம் எழும்பினால் போதும், நீங்களே கீழே வைத்துவிடுங்கள். மறுநாள் மூன்று நொடி, அதற்கு மறுநாள் ஐந்து. குதிரை உருவ நினைக்கும் முன் நீங்கள் வைப்பதுதான் சூட்சுமம். உருவிவிட்டால் சண்டை வேண்டாம். உடனே மறுபடி எடுத்து, ஒரு நொடி அசையாமல் இருந்ததும் வைத்துவிடுங்கள். பிடித்தபின் சுத்தியலுக்குப் பதில் உள்ளங்கையால் குளம்பில் தட்டிப் பழக்குங்கள், பிறகு மரக்கட்டை, கடைசியில் இரும்பு.

வெட்டாற்றங்கரை

எல்கை என்ற குறியிடம் வரை போய்த் திரும்பும் வண்டிப் பந்தயத்துக்குக் கரிச்சான் (சிறிய வகை) குதிரை பழக்குபவர்களுக்கு ஒன்று. திருப்பத்தை ஒரே இடத்தில் வைத்துப் பழக்கினால், நாலாவது ஐந்தாவது நாளில் லகான் அசையும் முன்பே குதிரை திரும்பும். புத்திசாலி என்று மகிழ்ந்துவிடாதீர்கள். பந்தயத்தன்று எல்கை வேறு இடத்தில் இருக்கும். வேகத்தில் தானாகத் திரும்பினால் வண்டி சாயும். திருப்பத்தை நாளுக்கு நாள் 100 அடி முன்னே பின்னே மாற்றுங்கள், சில நாள் திரும்பாமல் நேரே போய்விடுங்கள்.

முதன்முதலாக வண்டி பூட்டும் முன், காலி வண்டியை ஆட்கள் முன்னால் இழுத்துப்போக, குதிரையைப் பின்னால் நடத்துங்கள். தன்னைவிட்டு விலகிப் போகிற பொருளுக்குக் குதிரை பயப்படாது, பின்தொடரவே பார்க்கும். அடுத்த நாள் பக்கத்தில், இரண்டு பக்கமும். கடைசியாகத்தான் பின்னால். பக்கமும் பின்னும் தெரியாமல் மறைக்கும் கண்பட்டை கட்டுவதும் அதற்குப் பிறகே. சத்தத்தை மட்டும் கேட்டு உருவத்தைக் காணாத குதிரைதான் வண்டியோடு ஓடுகிறது.

குடமுருட்டி

பழக்குபவரின் உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குக்குக் காலால் தட்டி விடை சொன்னதாகப் பேர் வாங்கியது. 1907இல் ஆஸ்கர் ஃபங்ஸ்ட் ஆராய்ந்து காரணத்தைக் கண்டுபிடித்தார். தட்டு எண்ணிக்கை விடையை எட்டியதும் கேட்பவரின் தலை மயிரிழை அளவு நிமிர்ந்தது. ஹான்ஸ் அதைப் பார்த்து நிறுத்தியது. கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரியவில்லை. கணக்கு வராவிட்டால் என்ன, கேட்டவருக்கே தெரியாமல் அசைந்த தலையை அது படித்தது எனக்குப் பெரிய அறிவாகவே படுகிறது. பாலத்துக்கு 20 அடி முன்பே உங்கள் விரல்கள் லகானில் இறுகினால், அங்கே பயப்பட ஏதோ இருக்கிறது என்று குதிரைக்கு நீங்கள்தான் சொல்கிறீர்கள். லகானை விரலிடுக்கில் வைத்து, மூச்சை நீளமாக விட்டபடி போங்கள்.

வேதாரண்யம் பக்கம்

கோடியக்கரை சரணாலயத்து மட்டக்குதிரைகளுக்கு யாரும் தீனி கொடுக்க வேண்டாம். ஆளைக் கண்டால் தின்பண்டம் என்று ஒரு தடவை கற்றுவிட்டால் சாலையோரமே நிற்கும். மேலே தாழ்ப்பாள் விஷயத்தில் சொன்ன அதே கணக்குத்தான்.

ஐயா, ஒரு கேள்வி. 12 வயதான வண்டிக்குதிரை, வாய் இரும்பை எவ்வளவு இழுத்தாலும் நிற்பதில்லை. இனி மாறுமா?

பாமணியாற்றங்கரை

மாறும் ஐயா. வயதால் கற்பது நின்றுபோவதில்லை. பழைய பாடம் மறக்காததுதான் சிரமம். இழுத்தும் பலன் இல்லாத இழுப்பு எத்தனையோ ஆயிரம் தடவை அதன் வாயில் பட்டிருக்கிறது. அதனால் வாயிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் வாயைத் திறந்து பல்லும் உதட்டு ஓரமும் புண்ணாக இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டுங்கள். புண் இல்லையென்றால், வண்டி இல்லாமல் முகக்கயிற்றோடு நடத்தி, ‘ஓ’ என்று ஒரே மாதிரியான குரல் கொடுத்து, ஒரு எண்ணிக்கை விட்டு, பிறகு கயிற்றை விறைத்துப் பிடியுங்கள். நின்ற நொடியில் விடுங்கள். குரல் எப்போதும் முதலில், கயிறு பிறகு; இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் குரலைக் கவனிக்காது. குரலுக்கே பத்துக்கு எட்டுத் தடவை நிற்கத் தொடங்கியதும் வண்டியில் பூட்டி, ஆள் நடமாட்டம் இல்லாத படுகைச் சாலையில், காலி வண்டியோடு அதையே செய்யுங்கள். புது இடத்தில் முதல் நாள் பத்துக்கு மூன்றாகக் குறையும். அங்கே குரலை உயர்த்தாமல் முதல் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.