கொல்கத்தாவில் திரைப்படம் படிக்கிறேன்: வங்காள நண்பர்கள் வீட்டுத் துர்கா பூஜையில் என்ன முறை, எதைப் படமெடுக்கலாம்?

கேள்வி: கரிசல்25

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கொல்கத்தா பைபாஸ் சாலையில் உள்ள திரைப்படக் கல்லூரியில் முதலாம் ஆண்டு ஒளிப்பதிவு படிக்கிறேன். வட கொல்கத்தாவில் இருக்கும் வகுப்புத் தோழன் ஒருவன் பூஜைக்கு வீட்டுக்கு அழைத்திருக்கிறான். பழைய கூட்டுக்குடும்பம், வீட்டிலேயே தாக்குர் தாலான் என்கிற பூஜை மண்டபத்தில் பூஜை நடக்கிறது. ஐந்து நிமிட ஆவணப்படப் பயிற்சியையும் அங்கேயே முடிக்கலாமா என்று யோசனை. வீட்டு முறைகள், ஒளி, ஒலி மூன்றிலும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பதிலுக்குத் தை மாதம் விடுதியில் எல்லோருக்கும் பொங்கல் வைக்க ஆசை. சுமார் 15 பேர். நான் சைவம்.

பதில்: காளிகட்தமிழன்

முதலில் நாட்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். சஷ்டி, சப்தமி கேமராவுக்கு. அஷ்டமி காலை கையை வீசிக்கொண்டு போங்கள். தசமியில் பாதி நேரம் மட்டும் எடுங்கள். ஐந்து நாளும் கேமரா கண்ணில் இருந்தால் நீங்கள் விருந்தாளி அல்ல, படக்குழு. வீட்டுப் பெரியவர்கள் உங்களோடு பேசுவது அன்றோடு குறைந்துவிடும், படத்துக்கும் அது நஷ்டம்.

சப்தமி விடியலில் வாழைக்கன்றை நீராட்டிச் சேலை கட்டுவார்கள், அதுதான் கலா பொவ். கூட்டம் குறைவு, இளவெளிச்சம், யாரும் அவசரப்படாத நேரம். பயிற்சிப் படத்துக்கு இதைவிட நல்ல காட்சி அந்த வீட்டில் கிடைக்காது.

அஷ்டமி காலை புஷ்பாஞ்சலி. குளித்து, சாப்பிடாமல் போக வேண்டும். புரோகிதர் சொல்லச் சொல்ல மந்திரத்தைத் திருப்பிச் சொல்லி மூன்று முறை பூப்போட வேண்டும். பூவை நீங்களே சிலைமேல் எறியாதீர்கள். பல இடங்களில் கூடையில் வாங்கித்தான் அம்மன் காலடியில் சேர்ப்பார்கள். சில வீடுகளில் தோல் பெல்ட், தோல் கேமராப் பட்டை உள்ளே கூடாது. துணிப்பட்டையாக மாற்றிக்கொள்ளுங்கள்.

நண்பனின் அம்மா காகிமா, அப்பா காகு. மூத்த மாணவர்களைப் பெயரோடு ஆணுக்குத் தா, பெண்ணுக்குத் தி சேர்த்து அழைப்பது வழக்கம். 'சுபோ பிஜோயா' என்று வாழ்த்துவது தசமியன்று சிலை கரைத்த பிறகுதான். அதற்கு முன்னால் சொன்னால் அம்மனை அவசரப்படுத்தி அனுப்புவது போல ஆகிவிடும். பெரியவர்கள் காலைத் தொட்டு வணங்குங்கள். நாரு என்கிற தேங்காய் உருண்டை, நிம்கி என்கிற உப்புத் தின்பண்டம் என்று தட்டு வரும், ஒன்றாவது எடுத்துக்கொள்ள வேண்டும்.

சாப்பாடு: அஷ்டமியில் பெரும்பாலும் லூச்சி என்கிற மைதாப் பூரி, கடலைப்பருப்பு, காய்கறி. உங்களுக்குக் கவலையில்லை. நவமியில் ஆட்டிறைச்சி உண்டு. கவனிக்க வேண்டியது மற்ற நாட்கள். பாசிப்பருப்பில் மீன்தலை போட்டுச் சமைப்பது அங்கே சாதாரணம், பார்வைக்குத் தெரியாது. 'நான் சைவம்' என்று அன்றைக்குச் சொல்லாமல், மீனும் முட்டையும் சேர்க்காதவன் என்று இரண்டு நாள் முன்பே நண்பன் மூலம் காகிமாவிடம் சொல்லிவிடுங்கள். கடைசி நேரத்தில் சொன்னால் அவர் தனியாக அடுப்பு மூட்டுவார். நமக்குத்தான் கூச்சம்.

இன்னொன்று. நம் பழக்கத்தில் நவமியன்று கேமராவை ஆயுத பூஜையில் வைக்கத் தோன்றும். அங்கே கருவிகளுக்கான நாள் விஸ்வகர்மா பூஜை, செப்டம்பர் 17 வாக்கில் வரும். புத்தகத்துக்கான சரஸ்வதி பூஜை ஜனவரி, பிப்ரவரியில், வசந்த பஞ்சமியன்று. அது மாணவர்களின் சொந்தப் பண்டிகை. அதற்கு முன் இலந்தைப்பழம் சாப்பிடமாட்டார்கள். கல்லூரியில் அலங்கார வேலைக்கு நீங்களே முன்வாருங்கள்.

பதில்: ஒலிக்கம்பி

ஒலியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் இந்தப் பண்டிகையைப் பதிவு செய்பவர்கள் தோற்பது அங்கேதான்.

டாக் பெரிய பீப்பாய் முரசு. இரண்டு மெல்லிய குச்சியால் அடிப்பார்கள். அடி ஒலியை எப்படியாவது சமாளித்துவிடலாம். பக்கத்தில் ஒருவர் தட்டும் காஞ்சி என்ற வெண்கலத் தட்டுதான் ஆபத்து. அதன் உச்சி ஊசி மாதிரி திடீரென ஏறும், மீட்டரில் முழுதாகத் தெரியாது. ஒத்திகைபோல அவர்கள் அடிக்கும்போது உச்சம் மைனஸ் 12ல் நிற்கும்படி வைத்து, அதன்பின் இன்னொரு 6 டெசிபெல் குறையுங்கள். ஆரத்தி நேரத்தில் வேகமும் சத்தமும் ஏறியே தீரும். 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் இருக்கிறது என்று அசட்டையாக இருக்க வேண்டாம். மைக்கின் உள்ளேயே ஒலி உடைந்தால் எந்தக் கோப்பும் அதைத் திருப்பித் தராது. சத்தம் தாங்கும் மைக்கை எடுத்து, டாக்கிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, காஞ்சிக்கு நேராக இல்லாமல் திருப்பி வையுங்கள். கேமராவின் ஒலி ஒத்திசைவுக்கு மட்டும்.

ஆரத்திக்கு ஒரு வாசிப்பு, அஷ்டமியும் நவமியும் சேரும் நேரத்துச் சந்தி பூஜைக்கு ஒன்று, விசர்ஜனத்துக்கு ஒன்று. படத்தொகுப்பில் மாற்றி ஒட்டினால் வங்காளிப் பார்வையாளர் முதல் நொடியிலேயே கண்டுபிடித்துவிடுவார். ஒவ்வொன்றையும் தொடர்ச்சியாக மூன்று நிமிடமாவது வெட்டாமல் பதிவுசெய்து, கோப்பின் பெயரிலேயே நாளையும் வேளையையும் எழுதிவையுங்கள்.

வீட்டுப் பூஜை என்பதால் ஒலிபெருக்கித் தொல்லை குறைவு. ஆனால் தெருப் பந்தலின் சினிமாப் பாட்டு சுவர் தாண்டி வரும். அதோடு படத்தை இணையத்தில் ஏற்றினால் உரிமைப் பிரச்சினை வரும். டாக் வாசிக்கும் டாக்கிகளிடம் பேசி, தெரு விழிக்குமுன் அதிகாலையில் ஒருமுறை தனியாக வாசிக்கச் சொல்லிப் பதிவுசெய்யுங்கள், அதற்குப் பணமும் கொடுங்கள். பல மாவட்டங்களிலிருந்து வந்து சியால்தா ஸ்டேஷனில் கூடி நின்று, அமர்த்தப்பட்டு வரும் கலைஞர்கள் அவர்கள். ஐந்து நாள் கூலிக்குள் நம் பதிவு அடங்காது.

பதில்: ஐம்பதில்ஒருபங்கு

ஒளிக்கு என் பங்கு. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் விளக்கின் மினுக்கல் படத்தில் பதியாமலிருக்க 25 ஃபிரேம், ஷட்டர் 1/50. 24 ஃபிரேமில் எடுக்கச் சொல்லியிருந்தாலும் ஷட்டரை 1/50லேயே வையுங்கள், மெதுவான அசைவுக்கு 50 ஃபிரேமும் 1/100ம். விளக்கலங்காரத்துக்குப் பெயர்போன சந்தன்நகர் ஊரின் எல்இடி அலங்காரங்களில் அப்படியும் பட்டை விழும். எடுப்பதற்கு முன் பத்து நொடி சோதித்து, ஷட்டரைச் சிறிது நகர்த்திப் பாருங்கள். ஆட்டோ வொயிட் பேலன்ஸ் வேண்டாம். ஓடும் விளக்கு நிறம் மாறும்போதெல்லாம் அம்மன் முகமும் நிறம் மாறும்.

சந்தி பூஜை: அஷ்டமியின் கடைசி 24 நிமிடம், நவமியின் முதல் 24 நிமிடம், மொத்தம் 48. நள்ளிரவிலும் வரலாம், பஞ்சாங்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். 108 விளக்கு ஏற்றுவார்கள். சுடருக்கு எக்ஸ்போஷர் வைத்தால் முகம் கருத்துவிடும். முகத்துக்கு வைத்துச் சுடரை வெளுக்க விடுங்கள். அந்த 48 நிமிடத்தில் நடுவே நகர முடியாது. புதிய பேட்டரி, காலி கார்டு போட்டு உட்காருங்கள். சில கேமராக்கள் அரை மணியில் தானாக நின்றுவிடும், அமைப்பைப் பாருங்கள்.

தூபச் சட்டியை ஏந்தி ஆடும் தூனுச்சி ஆட்டத்தில் தேங்காய் நாரும் குங்கிலியமும் எரியும். புகையில் ஆட்டோஃபோகஸ் அலையும், கையாலேயே குவியுங்கள். தசமியன்று பெண்கள் குங்குமம் பூசி விளையாடும் இடத்தில் லென்ஸ் மாற்றவே கூடாது. பொடி சென்சாருக்குள் போகும். முன்பக்கம் ஃபில்டர், உடம்புக்கு மழை உறை. பட்டுவிட்டால் துடைக்காதீர்கள், முதலில் ஊதுபம்பால் ஊதுங்கள். அது பெண்கள் விளையாட்டு, வீட்டுப் பெண்கள் அனுமதித்தால் மட்டுமே உள்ளே. சிறுமியை அம்மனாக வைத்து வழிபடும் குமாரி பூஜை இருந்தால் அவளுடைய பெற்றோரிடம் எழுத்திலேயே ஒப்புதல் வாங்குங்கள்.

கரிசல்25: மிக்க நன்றி. பொங்கலுக்கும் யாராவது சொல்லுங்கள். விடுதியில் இண்டக்‌ஷன் அடுப்புதான். மண்பானையில் வைக்கலாமா?

பதில்: நெய்க்கரண்டி

மண்பானை, பித்தளை, வெறும் அலுமினியம் எதுவும் இண்டக்‌ஷனில் சூடாகாது. அடியில் காந்தம் ஒட்டும் பாத்திரம்தான் வேண்டும். பால் பொங்கி வழிந்தால் தொடுபலகை அணைந்துவிடும். வார்டனிடம் கேட்டு முற்றத்தில் ஒற்றை எரிவாயு அடுப்பு வைத்து, வாய் குறுகிய சிறு பானையில் பாலை மட்டும் பொங்கவிடுங்கள். 'பொங்கலோ பொங்கல்' சொல்லியாகட்டும், பிறகு அந்தப் பாலைப் பெரிய பாத்திரத்தில் ஊற்றிக்கொள்ளலாம்.

15 பேருக்குச் சர்க்கரைப் பொங்கல்: கோபிந்தபோக் என்கிற வங்காளத்துச் சிறுமணி வாசனை அரிசி 500 கிராம், வறுத்த பாசிப்பருப்பு 150, நெய் 200, முந்திரி 75, ஏலக்காய் எட்டு. இந்த அரிசி சீக்கிரம் குழையும், அளவில் மூன்றரை மடங்கு தண்ணீரும் பாலும் போதும். 5 லிட்டர் குக்கரில் ஒரே தடவையில் வேண்டாம், நுரைத்து வெளியேறும். இரண்டாகப் பிரியுங்கள்.

இனிப்புக்கு அங்கே குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கும் நோலேன் குர், அதாவது ஈச்சமரத்துப் பதநீர் வெல்லம், 450 கிராமும் சாதா வெல்லம் 400 கிராமும். அரிசி முழுதாகக் குழைந்த பிறகே சாதா வெல்லப் பாகைச் சேருங்கள். முன்னால் போட்டால் அரிசி விரைத்துக்கொள்ளும். நோலேன் குரை அடுப்பை அணைத்துச் சற்று ஆறவிட்டுத்தான் கலக்க வேண்டும். கொதிக்கும் பாலில் போட்டால் திரிந்துவிடும், வாசமும் போய்விடும். பச்சைக் கற்பூரம் இந்தத் தடவை வேண்டாம், அந்த வெல்லத்தின் மணத்தை அது கொன்றுவிடும்.

அந்த நாளை ஒட்டியே அவர்களுக்குப் பௌஷ சங்கராந்தி. நண்பர்களைப் பாட்டிஷாப்டா சுடச் சொல்லுங்கள். அரிசிமாவு, மைதா, ரவைக் கரைசலை அரை மணி ஊறவிட்டு மெல்லிய தோசையாக ஊற்றி, தேங்காயும் நோலேன் குரும் கிளறிய பூரணத்தை வைத்துச் சுருட்டுவது. கொழுக்கட்டைப் பூரணம் கிளறத் தெரிந்தால் அந்த வேலையை நீங்களே எடுத்துக்கொள்ளலாம். கல் அதிகம் காய்ந்தால் கரைசல் பரவாமல் கிழியும், ஒவ்வொன்றுக்கும் முன் ஈரத்துணியால் துடையுங்கள்.