கணக்கு எண் மாறிவிட்டது என்று ஒரு மெயில்

பரிசு விழுந்திருக்கிறது, லாட்டரி அடித்திருக்கிறது என்று வந்த மோசடி மெயில்களைப் பற்றி இங்கே நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். எனக்கு வந்தது அந்த மாதிரி இல்லை. நான்கு வருடமாகப் பழகியவரின் பெயரிலேயே வந்தது.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். ஜிப், பட்டன் எல்லாம் சீனாவில் ஒரு சப்ளையரிடம் வாங்குவோம். ஆர்டர், விலை, இன்வாய்ஸ் எதுவானாலும் மெயில்தான். போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை மதியம், 6,800 டாலர் அட்வான்ஸ் அனுப்பக் கிளம்பும் நேரத்தில் ஒரு பதில் வந்தது. எங்கள் கணக்கில் ஆடிட் நடக்கிறது, இந்த முறை கீழே உள்ள புதிய கணக்குக்கு அனுப்புங்கள், இன்றே அனுப்பினால் நல்லது என்று. அடியில் நாங்கள் பேசிய பழைய மெயில்கள் அத்தனையும் வரிசையாக இருந்தன. இன்வாய்ஸில் லோகோ, சீல், கையெழுத்து எல்லாம் சரி.

உறுத்தியது ஒன்றுதான். சப்ளையர் பக்கம் எனக்கு மெயில் எழுதும் பெண்மணி என் பெயரைச் சொல்லி, நலமா என்று கேட்காமல் எந்த மெயிலையும் ஆரம்பித்ததில்லை. இதில் பெயரே இல்லை. அனுப்பியவர் முகவரியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 'எம்' (m) இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' (rn) இரண்டும் ஒட்டி உட்கார்ந்திருந்தன. சின்ன எழுத்தில் சத்தியமாக வித்தியாசம் தெரியாது.

போன் போட்டுக் கேட்டுவிடலாம் என்றேன். அக்கவுண்ட்ஸ் அண்ணன் தயங்கினார். "இத்தனை வருஷப் பழக்கம், சந்தேகப்படுற மாதிரி ஆயிடாதா?" இந்தத் தயக்கத்தை நம்பித்தான் திருடன் அந்த மெயிலையே எழுதியிருக்கிறான். மெயிலில் இருந்த எண்ணை விட்டுவிட்டு, பழைய விசிட்டிங் கார்டில் இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன். கணக்கு மாறவே இல்லை என்றார். வங்கிக்குக் கொடுக்க வேண்டிய விண்ணப்பம் கையெழுத்தாகி மேசையில் இருந்தது.

அப்புறம் தேடியதில் ஓட்டை எங்கள் பக்கம். ஒரு மாதத்துக்கு முன்னால், மெயில் பெட்டி நிரம்பிவிட்டது என்று வந்த லிங்க்கில் ஆபீஸில் ஒருவர் பாஸ்வேர்டைப் போட்டிருக்கிறார். உள்ளே வந்தவன் அவசரப்படவில்லை. இன்வாய்ஸ் என்ற சொல் வரும் மெயில் எல்லாம் தனக்கு ஒரு காப்பி போகும்படி செட்டிங்ஸில் ஒரு விதி மட்டும் வைத்துவிட்டுக் காத்திருந்தான். பாஸ்வேர்டை மாற்றினால் அந்த விதி போய்விடாது. தயவுசெய்து உங்கள் மெயில் செட்டிங்ஸில் ஃபார்வர்டிங், ஃபில்டர் இரண்டையும் இன்றைக்கே ஒரு தடவை திறந்து பாருங்கள். நாங்கள் விதியை அழித்து, எல்லாக் கருவிகளிலும் லாக் அவுட் செய்து, இரண்டடுக்குச் சரிபார்ப்பும் போட்டோம். பணம் போய்விட்டால் உடனே வங்கியைக் கூப்பிடுங்கள், கையோடு சைபர் மோசடிப் புகார் எண் 1930.

மறுமொழி: நான் எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர். பராமரிப்புக் கட்டண அறிவிப்பை 64 வீட்டு முகவரிகளையும் 'டூ'வில் போட்டு அனுப்பிவிட்டேன். அதில் யாரோ ஒருவருடைய மெயில் திருடன் கையில் சிக்கி, என் பெயரில் எல்லோருக்கும் ஒரு மெயில் போனது. "மருத்துவமனையில் இருக்கிறேன், அவசரமாகப் பணம் வேண்டும்." மூன்றாவது மாடி மாமாவுக்கு 72 வயது. 10,000 ரூபாய் அனுப்பிவிட்டார். மறுநாள் பழத்தோடு என்னைப் பார்க்க வந்தார். கதவைத் திறந்த என்னைப் பார்த்து அவர் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. இப்போது எல்லோரையும், ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாத 'பிசிசி'யில்தான் போடுகிறேன்.

பதில்: சார், படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. மாமாவும் ஒரு போன் போட்டிருக்கலாம். நோயில் இருப்பவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று விட்டிருப்பார். எங்கள் சப்ளையர் நான் கூப்பிட்டதைத் தப்பாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த இன்வாய்ஸிலிருந்து அடியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்: "கணக்கு எண் மாறினால் போனில்தான் சொல்வோம். மெயிலில் வந்தால் எங்களைக் கூப்பிடுங்கள்."